முள்ளுத்தடியின் வயிறு

கனகத்தின் மூக்கு காந்திபுரத்தில் நின்றுகொண்டே மேட்டுப்பாளையம் மண்டியில் எந்த மூட்டையில் உருளைக்கிழங்கு அழுகியிருக்கிறது என்று சொல்லிவிடும். சரி, இதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாகிவிட்டது. மேட்டுப்பாளையம் வரைக்கும் போகாது, துடியலூரோடு நின்றுவிடும். ஆனால் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து நிற்கிற ஆள் நேற்றுக் குளித்தாரா, முந்தாநாள் குளித்தாரா என்று அவள் சொன்னால் அது தப்பினதே இல்லை. அப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு, அழுக்குத் துடைக்கிற வேலைக்குப் போனாள் என்பதுதான் கூத்து.

பிறந்தது கொடுமுடிக்குப் பக்கத்தில். முன்னெல்லாம் மஞ்சளைச் சாணி கரைத்த தண்ணீரில் வேகவைப்பார்கள் என்று யாரோ ஒரு அத்தை சொல்லிவிட, ஒன்பது வயதிலிருந்து ரசத்தில் மஞ்சள் மிதந்தால் தட்டை நகர்த்தி வைத்துவிடுவாள். கல்யாணமாகி கோயமுத்தூர் கணபதிக்கு வந்தாள். கணவர் அரங்கசாமி பஸ் கண்டக்டர். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். முகம் சுளிப்பது மட்டும் இரண்டுக்கும் பொது. அரங்கசாமி வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் சமையல்கட்டுப் பக்கம் வர வேண்டும். அவரும் இருபத்தைந்து வருடமாகப் பேசாமல் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

கணபதியில் தனபால் என்பவர் ஒரு சின்ன வார்ப்படப் பட்டறை வைத்திருந்தார். தண்ணீர் மோட்டார்களுக்கு வேண்டிய இரும்புக் கூடுகளை ஊற்றிக் கொடுப்பது தொழில். கனகம் அங்கே பத்தொன்பது வருடம் கோர் போட்டாள். பம்ப்புக்குள் தண்ணீர் ஓட இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தின் வடிவத்துக்கு மணலைக் குழைத்து, நடுவே ஒரு கம்பியை வைத்து, சூளையில் சுட்டு எடுப்பார்கள். அதுதான் கோர். அதை அச்சுக்குள் வைத்து உருகிய இரும்பை ஊற்றி, ஆறிய பிறகு மணலைத் தட்டி உதிர்த்துவிட்டால் இரும்புக்குள் வயிறு மாதிரி ஒரு வெற்றிடம் கிடைக்கும். மணல் கெட்டிப்பட ஊற்றுகிற கரும்புக் கழிவுப்பாகின் புகை பத்தொன்பது வருடமும் அவள் நெஞ்சுக்குள் போனது. கடைசியில் மூச்சு இரைக்க ஆரம்பித்ததும், இனிமேல் புகை ஆகாது, குளுகுளுவென்று ஒரு அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குளுகுளு அறை காந்திபுரத்தில் மூன்றாவது மாடியில் கிடைத்தது. உட்காரத்தான் கிடைக்கவில்லை.

அந்த இடத்துக்குத் தாண்டவம் என்று பெயர். முதலாளி கிருபாசங்கர், முப்பத்திரண்டு வயது, இன்ஜினியரிங் படித்தவன். மேனேஜர் மேல் கோபம், மாமியார் மேல் கோபம், ஏமாற்றிய காதலன் மேல் கோபம் என்று வருகிறவர்களுக்குத் தலைக்கவசமும் தடிமனான கோட்டும் மாட்டி அறைக்குள் விடுவான். இருபது நிமிடத்துக்குப் பாட்டு அலறும். அவர்கள் பாட்டில், பழைய டிவி, கெட்டுப்போன பிரிண்டர் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிவிட்டு, புன்சிரிப்போடு படியிறங்கிப் போவார்கள். கனகம் உள்ளே போய்ப் பொறுக்க வேண்டும், பெருக்க வேண்டும், துடைக்க வேண்டும். இவ்வளவு ஆத்திரத்தை வீட்டில் ஒரு பாத்திரத்தைத் தேய்த்துத் தீர்த்துக்கொண்டால் பாத்திரமாவது பளபளக்குமே என்று அவளுக்குத் தோன்றும். ஆனால் கண்ணாடித் தூளுக்கு நாற்றம் கிடையாது. அதனால் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாமல் போனது அந்தத் தடி வந்த பிறகுதான்.

நாலடி நீளம். பிடியிலிருந்து நுனிக்குப் போகப் போகப் பருத்துக்கொண்டே போகும். பருத்த பாகம் முழுக்கக் குமிழ் குமிழாக இரும்பு முள், மொத்தம் தொண்ணூற்றாறு. கன்னங்கரேலென்று பெயின்ட். பின்னால் சுவரில், இடுப்பில் புலித்தோலும் தலையில் கொம்புமாக ஒரு சிவப்பு அரக்கன் அதே தடியைத் தோளில் சாய்த்து நிற்கிற படம். கீழே ஒரு பலகை: கனபோ, சாமுராய்களின் ஆயுதம், எடை 11 கிலோ, ஒசாகாவிலிருந்து கப்பலில் வந்தது.

வருகிறவர்களுக்கெல்லாம் கிருபாசங்கர் ஒரு பிரசங்கம் வைத்திருந்தான். சாமுராய் என்றால் கத்திதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதிராளி கவசம் போட்டு வந்தால் கத்தி என்ன செய்யும்? வழுக்கிக்கொண்டு போகும். அதற்காகத்தான் கனபோ. கெட்டி மரத்தில் இரும்புக் குமிழ் அடித்தது ஒரு வகை, முழுக்க இரும்பிலேயே செய்தது இன்னொரு வகை. வெட்ட வேண்டாம், குத்த வேண்டாம். ஓங்கி ஒரு போடு போட்டால் கவசம் கிழியாமலே உள்ளே இருக்கிற எலும்பு நொறுங்கிவிடும்.

முதல் தடவை இதைக் கேட்டபோது கனகம் கழுவுதொட்டிக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். அந்தக் கவசத்தையெல்லாம் பிறகு கழற்றிக் கழுவினது எவளோ, பாவம், என்றுதான் அவளுக்கு நினைப்பு ஓடியது.

தடியால் டிவியை அடிக்கிறதில் நாலே நாளில் ஜனங்களுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. கிருபாசங்கர் யோசித்தான். உடைகிறதைவிடத் தெறிக்கிறதுதான் கண்ணுக்கு விருந்து என்று கண்டுபிடித்து, சாமுராய் விருந்து என்று ஒன்றை ஆரம்பித்தான். ஒரு தட்டு முட்டை, ஒரு கூடை தக்காளி, பத்துப் பாக்கெட் தயிர், இரண்டு தர்ப்பூசணி. எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கி வைத்து முள்ளுத்தடியைக் கையில் கொடுத்துவிடுவான். கூட்டம் படிக்கட்டு வரை நின்றது.

அந்த அறைக்குள் பிறகு நுழைகிறவளின் நிலைமையை யாரும் கேட்கவில்லை. கூரையில் தயிர் தொங்கும். சுவரில் மஞ்சள் கரு வழிந்து பாதியில் உறைந்து நிற்கும். அதைக்கூடத் துடைத்துவிடலாம். தடி இருக்கிறதே, அந்தக் கருமம்! முள்ளுக்கும் முள்ளுக்கும் இடையில் முட்டை காய்ந்து நகக்கண் அழுக்கு மாதிரி இறுகியிருக்கும். அதற்கு மேல் தக்காளித் தோல், அதற்கு மேல் தர்ப்பூசணி விதை, யாருடையது என்று தெரியாத ஒரு நீள முடி. தேங்காய்நார் போட்டுத் தேய்த்தாள். பல் துலக்குகிற பிரஷ் வைத்து ஒவ்வொரு முள்ளாகச் சுரண்டினாள். அதிலும் திருப்தி வராமல், தினமும் வேலை முடிந்ததும் ஒரு நீளத் தொட்டியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, தடியைப் படுக்கப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தாள். குமிழி குமிழியாக நுரை வரும். சோப்பு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அப்புறம் எடுத்து, துடைத்து, நுனி மேலே இருக்கும்படி அதன் தாங்கியில் நிறுத்திவிட்டுப் போவாள். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போவாள். சோப்பு வாசனைதான் இருக்கும்.

காலையில் வந்து கதவைத் திறந்தால் நாறும். மூடின அறை முழுக்கப் பரவிக் கிடந்ததால் எந்த மூலையிலிருந்து என்று அவள் மூக்குக்கே பிடிபடவில்லை.

முதல் வாரம் ஏசி குழாயில் எலி செத்திருக்கிறது என்று ஆள் கூப்பிட்டுக் கழற்றிப் பார்த்தார்கள். எலி இல்லை. இரண்டாம் வாரம் சாக்கடைக் குழாயைக் குத்திப் பார்த்தார்கள். கிருபாசங்கர் மல்லிகை வாசனை ஸ்பிரே வாங்கி வந்து அடித்தான். அழுகல் மேல் மல்லிகை ஏறி உட்கார்ந்ததும், கல்யாண வீட்டில் பிணம் கிடத்தின மாதிரி ஆகிவிட்டது. கனகம் அன்று மதியச் சோற்றைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். தடி வீசின ஒருவர், மேலே ஏதோ சொட்டுகிறது, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டுக்கொண்டே உதட்டைத் துடைத்தார். விரல் கறுப்பாக வந்தது. அவர் அதை முகர்ந்து பார்த்தார். பாவம், அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

எலியும் இல்லை, சாக்கடையும் இல்லை என்றானதும் மிச்சம் இருந்தது கனகம்தான். சுத்தமாகக் கழுவுகிறதில்லை என்று கிருபாசங்கர் முதலில் சாடையாகச் சொன்னான். அப்புறம் நேராகவே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து இருபத்திநாலு பேர் வருகிறார்கள். அன்றைக்கும் நாறினால் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றான். வேலை போனால் நெஞ்சுக்கு ஆகாத புகைக்குத்தான் திரும்ப வேண்டும். அதுகூட அவளுக்கு இரண்டாம் பட்சம். அரங்கசாமியை இருபத்தைந்து வருடம் சட்டையோடு சமையல்கட்டுக்குள் விடாதவளை, அழுக்குக்காரி என்று ஒருத்தன் சொல்லிவிட்டான். அதை எங்கே போய்க் கழுவுவது?

சனிக்கிழமை கூட்டம் வருவதற்கு முன்னால் தடியைத் தூக்கித் துடைக்கும்போது தோள் இழுத்தது. தனக்கு வயசாகிறதா, தடிக்கு எடை ஏறுகிறதா என்று சந்தேகம். சாக்குப்பையில் சுற்றிக் கீழே பழைய இரும்புக்கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தாள். பன்னிரண்டே முக்கால் கிலோ. பலகையில் போட்டிருப்பது பதினொன்று. இரும்பு எங்காவது சதை போடுமா?

படிக்கட்டிலேயே தடியை நிமிர்த்தி வைத்து, ஒரு ஸ்பேனரால் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். பட்டறையில் ஊற்றி எடுத்த ஒவ்வொரு சாமானையும் தட்டிப் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். மேல் பாகத்தில் ணங் ணங் என்று மணி மாதிரி கேட்டது. பாதிக்குக் கீழே வந்ததும் தொப், தொப். நிறைசூலி வயிற்றைத் தட்டின மாதிரி. கனகத்துக்கு முதுகில் புழு ஊர்ந்தது. நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பெயின்டுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டம். வட்டத்தின் ஓரத்தில் நகம் நுழைகிற இடுக்கு. இரும்புத் தூளையும் பசையையும் குழைத்து ஓட்டையை அடைக்கிற அந்த லப்பத்தை அவளுக்குத் தெரியாதா? கோர் மணலை உதிர்க்க விட்ட வாயை அப்படித்தான் பட்டறையில் மூடுவார்கள்.

தடி கெட்டி இரும்பு இல்லை. உள்ளே வயிறு இருக்கிறது. அடித்த அடியில் அடைப்பு விரிந்துவிட்டது. அவள் என்ன செய்தாள்? ஒவ்வொரு நாளும் முட்டை ஒட்டின தடியைத் தண்ணீரில் முக்கிப் போட்டு, அந்த வாய்க்கு அழுக்குத் தண்ணீரைப் புகட்டினாள். நுரை என்று நினைத்தது உள்ளிருந்து வந்த காற்று. மூன்று வாரத்து முட்டை, தயிர், தக்காளி எல்லாம் அதன் வயிற்றுக்குள் இதமாகப் புளித்துக்கொண்டிருக்கிறது. கழுவக் கழுவ நாற்றம் ஏறினது ஏன் என்று புரிந்தபோது, அவளுக்குத் தன் கை மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது.

மேலே போய்க் கிருபாசங்கரிடம் சொன்னாள்.

"ஏனுங் தம்பி, இது உள்ள கூடுங்க. கோர் வெச்சு ஊத்துனது. நுனியத் தொறந்து கொட்டிப்போட்டா எல்லாம் சரியாயிருமுங்க."

அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு, ஒசாகா இரும்பைப் பற்றிக் கணபதியில் மணல் குழைத்தவர்கள் பேசக் கூடாது என்றான்.

"உங்களுக்கு வாளி கழுவத் தெரிஞ்சாப் போதுங்கக்கா. பெயின்ட்ல ஒரு கீறல் உளுந்துச்சுன்னா, நாளைக்கே கணக்குத் தீர்த்துருவேன்."

அந்தப் பதற்றத்திலேயே கனகத்துக்குப் பாதி விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருபத்திநாலு பேரும் நீலக் கோட்டு மாட்டி வரிசையாக நின்றார்கள். அழைத்து வந்த நந்திதா என்கிற பெண் ஜப்பான்காரர்களோடு வேலை பார்ப்பவள். அவர்கள் பாஷையும் கொஞ்சம் படித்திருக்கிறாள். ஒசாகா கனபோவைப் படம் பிடித்து அங்கே இருக்கிற தன் பெரிய அதிகாரிக்கு அனுப்பப் போவதாகச் சொல்லியிருந்தாள். கதவு திறந்ததும் அவள் போனைக் கீழே இறக்கி, துப்பட்டாவை மூக்குக்கு ஏற்றினாள். பின்னால் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாடி வைத்த ஒரு ஆள் வீரமாக முன்னால் வந்து தடியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நுனியிலிருந்து கறுப்பாக நாலு சொட்டு பறந்து அவர் தாடியில் உட்கார்ந்தது. அவர் தடியைக் கீழே போட்டுவிட்டார்.

கிருபாசங்கர் கையைக் கூப்பினான். கழுவுகிற அம்மாவின் சோம்பேறித்தனம்தான் காரணம், சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், நாளையிலிருந்து ஆளை மாற்றிவிடுகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மன்னிப்புக் கேட்டான்.

கனகம் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். நடுவில் வந்து உட்கார்ந்தாள். தடியைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மடியில் குறுக்கே போட்டு, இடுப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அக்கா வேண்டாம், அக்கா வேண்டாம் என்று கிருபாசங்கர் கத்திக்கொண்டே வந்தான். நந்திதா கையை நீட்டி அவனை நிறுத்தினாள்.

லப்பம் மூன்று குத்தில் பெயர்ந்தது. கனகம் தடியை வாளிக்கு மேல் கவிழ்த்தாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. உள்ளே எதுவோ தொண்டையைச் செருமிக்கொண்டது. அப்புறம் களக் என்று ஒரு கவளம் விழுந்தது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை; வாளியில் பாதி, தரையில் பாதி. பச்சையும் கறுப்பும் கலந்த கூழ். நடுநடுவே முட்டையின் வெள்ளை சளி மாதிரி நூல் விட்டு இறங்கியது. தக்காளித் தோல் நாக்கு நாக்காக வந்தது. ஆடியில் செத்த எலியை ஆவணியில் கண்டெடுத்த நாற்றம்; அது கண்ணில் ஏறிக் கரித்தது. தாடிக்காரர் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து அதற்குள்ளேயே வாந்தியெடுத்தார். அதைப் பார்த்த இன்னும் இரண்டு பேர் தொடர்ந்தார்கள். மற்றவர்கள் மூன்று மாடியையும் எப்படி இறங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அறையில் நின்றது மூன்று பேர்: மூக்கைப் பிடித்த நந்திதா, சுவரைப் பிடித்த கிருபாசங்கர், தடியைப் பிடித்த கனகம். அவளுக்கு மூச்சு இரைத்தது. ஆனாலும் கையை விடவில்லை.

கடைசியாக மணல் வந்தது. கூடவே ஒரு துருக்கம்பி. அவள் அந்தக் கம்பியை இரண்டு விரலால் எடுத்து, முந்தானையில் துடைக்கப் போய், சீ என்று சேலையைத் தள்ளிவிட்டு, வாளி விளிம்பில் துடைத்துத் தூக்கிக் காட்டினாள்.

"ஒசாகா இல்லீங்க அம்மணி, கணபதி. தனபாலண்ணன் பட்டறைதானுங்க. கம்பிய இப்படி ரெட்டையா மடிச்சு வெக்கறது எங்க கை மட்டுந்தான். அதுவும் பம்ப்புக்கு ஊத்தற இரும்புங்க. கல்லு மேல ரெண்டு போடு போட்டா தடிதான் ஒடையும்."

நந்திதா துப்பட்டாவுக்குள்ளிருந்து கிருபாசங்கரைப் பார்த்தாள்.

"இப்ப யார மாத்தப் போறீங்க சார்?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினான். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் போலிருந்தது.

தனபாலுக்குப் போன் போட்டதில் மிச்சமும் தெரிந்தது. சுவரில் அழகுக்கு மாட்டத்தான் என்று சொல்லிக் கிருபாசங்கர் கேட்டிருக்கிறான். முழு இரும்பாக ஊற்றினால் சுவர் தாங்காதே என்று அவர்கள் பம்ப்புக்குச் செய்கிற மாதிரியே வயிறு விட்டு ஊற்றி, லப்பம் வைத்து மூடி, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். இதை வைத்து முட்டை உடைக்கிற ஆளும் கோயமுத்தூரில் இருப்பான் என்று தனபால் கனவா கண்டார்?

கனகம் வாளியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தத் தரையை வேறு ஆள் வைத்துக் கழுவிக்கொள்ளலாம் என்று கிருபாசங்கர் நினைத்தான். வந்த இரண்டு பேரும் வாசல்படியிலேயே திரும்பிவிட்டார்கள். தானே இறங்கிப் பத்து நிமிடம் தேய்த்தான்; மீதி நேரம் ஜன்னலில் தொங்கினான். கடைசியில் கணபதிக்கு வந்து, அவள் வீட்டு வாசலில் நின்றபடி, தப்பாகச் சொல்லிவிட்டேன் அக்கா என்றான். தன்னைச் சொன்னது இருபத்திநாலு பேர் முன்னால், மன்னிப்புக் கேட்பது மட்டும் வாசலிலா என்று கனகம் கேட்டாள். மறுநாள் அந்தக் கம்பெனிக்கே போய் நந்திதாவின் ஆட்களுக்கு முன்னால் அதையே சொல்லிவிட்டு வந்தான். தின்கிற பண்டம் எதுவும் இனிமேல் அந்த மூன்று மாடிப் படியேறக் கூடாது என்று கனகம் சொன்னதற்கும் தலையாட்டினான். அதற்கப்புறம்தான் அவள் வாளியைத் தொட்டாள். தரை நாலு நாளில் சுத்தமானது. அவள் மூக்கு சுத்தமாக நாற்பது நாள் ஆனது. அரங்கசாமி வீட்டில் ஆம்லெட்டை மறந்தே போனார்.

இப்போது தாண்டவத்தில் மரத்தில் கடைந்து குமிழ் அடித்த ஒரு புதுத் தடி இருக்கிறது. பாட்டிலும் பிரிண்டரும்தான் உடைகிறது. வயிறு காலியான இரும்புத்தடியைக் கழுவி, வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, சிவப்பு அரக்கனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஒசாகா பலகை இல்லை. ஆனால் கிருபாசங்கரின் நாக்கு சும்மா இருக்குமா? போன வாரம் வந்த ஒரு கூட்டத்துக்கு நுனி ஓட்டையைக் காட்டிப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து சாமுராய்கள் இதற்குள்ளே கொடிய விஷத்தை நிரப்பி வைத்திருப்பார்களாம். ஓங்கி வீசினால் எதிராளியின் கண்ணில் தெறித்து, அடி விழுவதற்கு முன்பே அவன் மயங்கி விழுந்துவிடுவானாம். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது.

மூலையில் கண்ணாடித் தூளைக் கூட்டிக்கொண்டிருந்த கனகம் தலையைத் தூக்கவில்லை.

"விசமில்லீங்க, முட்டை," என்றாள். "நாந்தான் தெரியாம ஊற வெச்சுப்போட்டேன்."